பாலத்தடியிலிருந்து அளக்க வேண்டிய பாய்மரம்

திருப்பதி என்றதும் மலைதான் நினைவுக்கு வரும். சித்தூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்தவரை அந்நகரின் நிர்வாக வரைபடத்தில் கடலே கிடையாது. 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திர அரசு மாவட்டங்களை மறுசீரமைத்தபோது, அதுவரை நெல்லூரைச் சேர்ந்திருந்த சூளூர்பேட்டை, தடா, ஸ்ரீஹரிகோட்டா ஆகியவை புதிய திருப்பதி மாவட்டத்துக்குள் வந்தன. அவற்றோடு பழவேற்காடு ஏரியின் கணிசமான பரப்பும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு துண்டும் வந்து சேர்ந்தன. சந்திரகிரிப் பக்கத்து மலைகளின் நீரைச் சுமந்து திருக்காளத்தியைக் கடந்து கடலை நோக்கிச் செல்லும் சுவர்ணமுகி இவ்விரு நிலப்பகுதிகளையும் முன்பே இணைத்திருந்தது. அரசாணை தாமதமாக வந்தது, அவ்வளவே. ஆயினும் திருப்பதியின் பல்கலைக்கழகங்களிலும் உயர்கல்வி நிறுவனங்களிலும் பொறியியல், புவியியல், சூழலியல் பயில்வோர்க்கு ஒரு நீர்வழி இப்போது சொந்த மாவட்டத்து ஆய்வுப்பொருள் ஆகியிருக்கிறது. அந்நீர்வழியைப் பற்றிய விவாதத்தில் விடுபட்டுப்போன ஓர் அளவைப் பற்றியதே இப்பதிவு.

பக்கிங்காம் கால்வாயை மீட்பது குறித்து எழுதப்படுவன யாவும் ஆழத்தைப் பற்றியனவாக இருக்கின்றன. வண்டல், ஆக்கிரமிப்பு, கழிவுநீர், தூர்வாரும் செலவு ஆகியவை திரும்பத் திரும்பப் பேசப்படுகின்றன. உயரம் பேசப்படுவதில்லை. நீர்மட்டத்துக்கும் அதற்கு மேலே நிற்கும் பாலத்தின் அடிவிளிம்புக்கும் இடையே எவ்வளவு வெளி இருக்கிறது என்னும் கேள்வி, திட்ட அறிக்கையின் பின்னிணைப்பில் ஓர் அட்டவணையாக ஒடுங்கிவிடுகிறது. முன்னுரிமை நேர்மாறாக இருக்க வேண்டும். தூர்ந்துபோன ஆழத்தை எப்போது வேண்டுமானாலும் வெட்டி எடுத்துக்கொள்ளலாம். தாழ்வாகக் கட்டிவிட்ட பாலத்தை எந்த இயந்திரத்தாலும் தூர்வார முடியாது. இன்றைய கான்கிரீட் பாலம் நூறாண்டு ஆயுளைக் கருதி வடிவமைக்கப்படுகிறது. ஆகவே அதன் அடியிடைவெளியும் நூறாண்டுக்கான முடிவு. இக்காலம் முழுவதும் எந்தப் படகு அவ்வழியே போகலாம், எது போகக் கூடாது என்பதை, படகைப் பற்றி ஒரு சொல்லும் பேசாத சாலைத் துறையின் ஒரு வரைபடம் தீர்த்துவிடுகிறது.

இக்கால்வாயின் வரலாறு பலரும் அறிந்ததே. சுருக்கமாகச் சொன்னால் போதும். 1806-இல் பாசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி வெட்டத் தொடங்கியது பின்னர் அரசின் கைக்கு வந்தது. வடக்கிலும் தெற்கிலும் சிறிது சிறிதாக நீண்டது. 1876-78 பெரும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டு வெட்டப்பட்டது. 1878-இல் அன்றைய ஆளுநரான பக்கிங்காம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது. பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கி.மீ. நீண்ட இவ்வழியின் பெரும்பகுதி இன்றைய ஆந்திரத்தில் இருக்கிறது. 1969-இல் விண்வெளி ஆய்வுக்கெனத் தேர்ந்தெடுக்கப்படும் முன்பு, ஸ்ரீஹரிகோட்டா சென்னைக்கு விறகு தந்த தீவு. அந்த விறகும், உப்பும், சுண்ணாம்புச் சிப்பியும், நெல்லும் இக்கால்வாயில்தான் சென்றன. படகுகளை நகர்த்தியவை மூன்று: காற்று வாய்த்தால் பாய், வாய்க்காவிட்டால் கழி, அதுவும் போதாவிடில் கரையில் நடந்து கயிற்றால் இழுக்கும் ஆட்களின் தோள். 1899-இல் சென்னை - விசயவாடா இருப்புப்பாதை திறக்கப்பட்ட பிறகு சரக்கு மெல்ல மெல்லக் கரையேறியது. 1965, 1966 ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. பாய் மறைந்தபோது, பாலம் கட்டுவோர் அண்ணாந்து பார்க்க வேண்டிய காரணமும் மறைந்துபோயிற்று.

2008-ஆம் ஆண்டு இறுதியில் காக்கிநாடாவுக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட கால்வாய்களும், கோதாவரி, கிருஷ்ணை ஆறுகளின் சில பகுதிகளும் சேர்த்து நான்காம் தேசிய நீர்வழி என்று சட்டத்தால் அறிவிக்கப்பட்டன. 2016-ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிகள் சட்டம் நாட்டின் நீர்வழிகளை 111 ஆக்கியது. அதிலும் இந்நீர்வழி இடம்பெற்றது. அதற்கு முன்பே, 2006-இல், இந்திய உள்நாட்டு நீர்வழிகள் ஆணையம் நீர்வழிகளை ஏழு வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பாலத்தடி இடைவெளியை விதித்திருந்தது. மிகக் கீழான வகுப்புக்கு 4 மீட்டர், அடுத்ததற்கு 5 மீட்டர், உச்ச வகுப்புக்கு 10 மீட்டர். அதே விதிகளில் நீர்வழியைக் கடக்கும் கம்பிகளுக்கும் உயரம் உண்டு: தொலைபேசிக் கம்பிக்கும் குறைமின்னழுத்தக் கம்பிக்கும் 16.5 மீட்டர், 110 கிலோவோல்ட் வரையிலான உயரழுத்தக் கம்பிக்கு 19 மீட்டர், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவோல்ட்டுக்கும் ஒரு சென்டிமீட்டர் கூடுதல்.

இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. கம்பி 16.5 மீட்டரில் இருக்க வேண்டும். அதே நீரின் மேல் பாலம் 4 மீட்டரில் இருக்கலாம். கம்பிக்கான விதி உயரமான பாய்மரத்தையோ பாரந்தூக்கியையோ எண்ணி எழுதப்பட்டது போலிருக்கிறது. பாலத்துக்கான விதியோ தட்டையான சரக்குப் படகை மட்டும் எண்ணியிருக்கிறது. மின்சாரம் ஆளைக் கொல்லும், பாலம் மரத்தை மட்டும் முறிக்கும் என்பது இவ்வேறுபாட்டுக்கு ஒரு விளக்கம். அதில் நியாயமும் உண்டு. ஆயினும் பயணியின் நோக்கில் பார்த்தால், 4 மீட்டர் பாலங்கள் இரண்டுக்கு இடையே 16.5 மீட்டர் உயரத்தில் ஓடும் கம்பியால் அவருக்குக் கூடுதலாக எதுவும் கிடைப்பதில்லை. ஒரு வழியில் பத்துப் பாலங்கள் இருந்து ஒன்பது உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் இருந்தால், அவ்வழியின் உயரம் அந்த ஒன்றின் உயரமே. ஒன்பதுக்கும் செலவிட்ட பணத்தை அந்த ஒன்று விழுங்கிவிடும். சராசரிக்கு இங்கே பொருளில்லை, சிற்றளவே கணக்கு. புள்ளியியல் மாணவருக்கு இது புதிதன்று. பாலங்களைத் தனித்தனி ஒப்பந்தங்களாகப் பார்க்கும் அலுவலகங்களுக்குப் புதிதாக இருக்கக்கூடும்.

இனிப் படகின் பக்கம். ஒரு படகு பாலத்தடியில் நுழையுமா என்பதைத் தீர்ப்பது பாய்மரத்தின் நீளமன்று. நீர்மட்டத்திலிருந்து படகின் மிக உயர்ந்த முனை வரையிலான உயரம். இதை நீர்மேல் உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். மரத்தின் நுனியோடு அது முடிவதில்லை. நுனியிலுள்ள விளக்கு, காற்றுத்திசை காட்டி, கொடி, வானொலியின் அலைவாங்கி யாவும் அதில் அடங்கும். கடல்சார் வானொலியின் அலைவாங்கி மட்டுமே ஒரு மீட்டர் வரை நீளக்கூடும். படகு ஒன்றே ஆனாலும் இவ்வுயரம் நிலையானதன்று. சரக்கேற்றிய படகு அமிழ்ந்து செல்லும். இறக்கிய படகு மிதந்து எழும். ஆகவே விறகைச் சென்னையில் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் படகுக்கே பாலம் இடிக்கும். போகும்போது நுழைந்த பாலத்தில் வரும்போது சிக்கிக்கொள்வது எவ்வாறு என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பாலத்தின் பக்கமும் நிலையானதன்று. விதியில் உள்ள இடைவெளி எந்த மட்டத்திலிருந்து அளக்கப்படுகிறது என்பதே முதல் கேள்வி. கால்வாயானால் முழுக் கொள்மட்டத்திலிருந்து. ஆறானால் அண்மைய இருபதாண்டு வெள்ளப் பதிவுகளைக் கொண்டு வகுத்த ஒரு வெள்ளமட்டத்திலிருந்து. பழவேற்காட்டுப் பகுதியில் இவ்விரண்டும் கலந்து கிடக்கின்றன. அது கால்வாயும் ஏரியும் கழிமுகமும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த இடம். முகத்துவாரத்தை மணல் அடைத்தால் ஒரு மட்டம். திறந்தால் வேறொரு மட்டம். வடகிழக்குப் பருவமழையில் காளங்கியும் சுவர்ணமுகியும் ஆரணியாறும் நீரைக் கொண்டுவந்து கொட்டும் வாரங்களில் மட்டம் வேறு. கோடையில் வடபகுதி வற்றிச் சேறாகிவிடும். பலமான காற்று ஒரே திசையில் நெடுநேரம் வீசினால், ஆழமற்ற ஏரியின் நீர் ஒரு கரையில் குவிந்து மறுகரையில் தாழும். இத்தகைய இடத்தில் 'பாலத்தடி இடைவெளி 5 மீட்டர்' என்று எழுதி, எந்த மட்டத்திலிருந்து என்று எழுதாமல் விட்டால், அந்த எண்ணைக் கொண்டு யாரும் எதையும் முடிவு செய்ய இயலாது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. முழுக் கொள்மட்டத்துக்கு மேல் 5 மீட்டர் இடைவெளியுள்ள ஒரு பாலம். மழைக்காலத்தில் நீர் அம்மட்டத்துக்கு மேல் 0.4 மீட்டர் ஏறும் என்று கொள்வோம். அலையில் படகு எழும்பும் அளவு 0.2. எவ்வளவு நிச்சயமாக அளந்தாலும் விட்டுவைக்க வேண்டிய வெளி 0.3. எஞ்சுவது 4.1 மீட்டர். நுனியிலுள்ள விளக்குக்கும் கொடிக்கும் 0.3 போனால், மரத்தின் நுனி நீர்மட்டத்திலிருந்து 3.8 மீட்டரில் நிற்கலாம். படகின் தளம் நீருக்கு மேல் 0.6 மீட்டர் என்றால், தளத்திலிருந்து மரம் 3.2 மீட்டர். பாயின் அடிவிளிம்பு ஆட்களின் தலையில் இடிக்காதபடி 0.7 மீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். பாயின் உயரம் 2.5 மீட்டர் ஆகிவிடுகிறது. அடிப்பக்கம் 2.4 மீட்டர் கொண்ட முக்கோணப் பாய் என்றால் பரப்பு 3 சதுர மீட்டர். ஏழு மீட்டர் நீளப் படகுக்கு இது ஏறத்தாழ ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு போவதற்குச் சமம். 5 மீட்டர் என்று விதி தாராளமாகச் சொன்னது, பாயாக மாறும்போது இவ்வளவாகச் சுருங்குகிறது.

அதே படகில் 6.4 மீட்டர் மரத்தை அடியில் கீல் வைத்து நிறுத்தினால் கணக்கே மாறிவிடும். பாயின் உயரம் 5.7 மீட்டர், அடிப்பக்கம் 3 மீட்டர், பரப்பு ஏறத்தாழ 8.5 சதுர மீட்டர். பாலம் வரும்போது மரம் சாயும், கடந்ததும் நிமிரும். சாய்ந்த மரம் ஏழு மீட்டர் படகின் நீளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். ஆகவே உள்நாட்டு நீர்வழியில் 'எவ்வளவு உயரமான மரம்' என்பது முதல் கேள்வியாக இருக்கக் கூடாது. 'மரத்தை எத்தனை பேர், எத்தனை நிமிடத்தில் சாய்த்து நிமிர்த்த முடியும்' என்பதே முதலில் கேட்க வேண்டியது. இரண்டு பேர் ஐந்து நிமிடத்தில் செய்ய முடியாத ஏற்பாடு, பத்துப் பாலங்கள் உள்ள வழியில் மூன்றாம் பாலத்தோடு கைவிடப்படும். பிறகு அவர்கள் இயந்திரத்தை முடுக்கிக்கொண்டு போவார்கள்.

பிற நாட்டு நீர்வழிகள் இதற்கு மூன்று விதமாக விடை கண்டிருக்கின்றன. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் சரக்கேற்றிய வெர்ரி என்னும் படகில் மரத்தின் அடியில் ஈயப்பாரம் கட்டியிருந்தனர். அப்பாரம் மரத்தின் எடையைச் சமன்செய்ததால், படகு ஓட்டத்தை இழக்கும் முன்பே மரத்தைச் சாய்த்துப் பாலத்தைக் கடந்து மீண்டும் நிமிர்த்த இரண்டே ஆட்கள் போதும். 1898-இல் கட்டிய ஆல்பியன் என்னும் வெர்ரி இன்றும் இருக்கிறது. நெதர்லாந்தில், மரத்தைச் சாய்க்காமலேயே நாட்டின் வடக்கிலிருந்து தெற்கு வரை செல்லத்தக்க ஒரு வழியைத் திறக்கும் பாலங்களால் காத்துவருகின்றனர். 'நிமிர்ந்த மர வழி' என்பதே அதன் பெயர். அமெரிக்கக் கீழைக் கரையின் உட்புற நீர்வழியில் நிலையான பாலங்களுக்கு 65 அடி என்று ஒரு பொது அளவு வகுத்தனர். அந்த அளவே பாய்ப்படகு வடிவமைப்போரின் தலைக்கு மேல் நிற்கும் கூரையாயிற்று. 65 அடிக்குள் அடங்கும் மரம் என்பது அங்கே விளம்பரத்தில் சொல்லத்தக்க தகுதி. அவ்வழியிலும் மியாமியில் உள்ள ஜூலியா டட்டில் பாலம் 56 அடிதான். உயர்ந்த மரமுள்ளவர் அவ்விடத்தில் வெளிக்கடலுக்குப் போய்ச் சுற்றி வர வேண்டும். அங்கே வெளிக்கடல் பக்கத்தில் இருப்பது அவர்கள் பேறு. ஓரங்குலத்துக்காகப் படகை ஒருபுறமாகச் சாய்த்து நுழைப்போரும் உண்டு; நீர்ப்பைகளை ஒரு பக்கத்தில் தொங்கவிட்டுச் செய்யும் அவ்வேலை பார்க்க வேடிக்கை, செய்ய ஆபத்து.

தமிழ்க்கரையில் பாம்பன் நான்காவது வகை. 1914-இல் திறந்த இருப்புப்பாதைப் பாலத்தில் இரண்டு இறக்கைகளாக எழும்பும் பகுதி வைக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அது கலங்களுக்கு வழிவிட்டது. 1988-இல் அதன் பக்கத்திலேயே உயர்ந்த சாலைப் பாலம் வந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று செங்குத்தாகத் தூக்கும் பகுதியோடு புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது, 72.5 மீட்டர் நீளமுள்ள அப்பகுதி 17 மீட்டர் உயரம் எழும்பும். பத்திரிகைகள் அந்தத் தூக்கும் பொறியைக் கொண்டாடின, கொண்டாடத்தக்கதே. ஆனால் அவ்விடத்தில் எந்தக் கலம் போகலாம் என்பதற்கு இறுதி எல்லையாக நிற்பது அசையாத சாலைப் பாலமே. பக்கத்துப் பாலம் எவ்வளவு எழும்பினாலும் சாலைப் பாலத்துக்கு மேற்பட்ட உயரம் கலத்துக்குக் கிடைக்காது. அச்சாலைப் பாலத்தை உயர்த்திக் கட்டியவர்கள் அடியில் கலம் போகும் என்பதை மறக்கவில்லை. பக்கிங்காம் கால்வாயில் இந்த நினைவு எவ்வளவு மங்கிப்போனது என்பதற்குச் சென்னை நகரின் பறக்கும் ரயில் சான்று. அதன் தூண்கள் கால்வாயின் படுகையிலேயே ஊன்றப்பட்டன. அங்கே உயரத்தைப் பற்றிய கேள்விக்கு இடமே இல்லாமல், அகலம் முன்னதாகவே போய்விட்டது.

சூளூர்பேட்டைப் பக்கத்தில் இந்நிலை இன்னும் வரவில்லை என்பதே இப்போது இதை எழுதுவதற்குக் காரணம். ஆனால் வேறொரு வகையில் வந்திருக்கிறது. சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்லும் சாலை ஏரியின் குறுக்கே கரையெழுப்பிப் போடப்பட்டது. நீர் அடியிலுள்ள கண்மாய்களின் வழியே போய்வருகிறது. கண்மாயின் வாயில் மரத்தைச் சாய்த்தாலும் பயனில்லை, ஆளே குனிய வேண்டும். ஏரியின் நீரோட்டத்துக்கு அச்சாலை செய்தது என்ன என்று சூழலியலார் எழுதியிருக்கின்றனர். படகோட்டத்துக்குச் செய்தது என்ன என்று எழுதப்பட வேண்டும். ஏரித் தீவுகளில் வாழ்வோர் பாலம் கேட்பது முற்றிலும் நியாயம். பேறுகாலத்துப் பெண்ணும் பள்ளிப் பிள்ளையும் காற்றையும் நீர்மட்டத்தையும் பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. கேள்வி பாலம் வேண்டுமா என்பதன்று. எந்த உயரத்தில் என்பதே.

இவ்விடத்தில் பொறியாளரின் மறுப்பையும் நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். பாலத்தை உயர்த்துவது என்றால் இருபுறமும் ஏறுசாலையை நீட்டுவது. முப்பதுக்கு ஒன்று என்ற சரிவு வைத்தால், ஒரு மீட்டர் கூடுதல் உயரத்துக்கு ஒவ்வொரு புறமும் 30 மீட்டர், மொத்தம் 60 மீட்டர் நீளம் வேண்டும். 5 மீட்டரை 10 ஆக்கினால் 300 மீட்டர் கூடுதல். சேற்று நிலத்தில் அத்தனை மண்கரை எழுப்பினால் அதன் பாரத்தில் நிலமே அமுங்கும்; தூண்மேல் எழுப்பினால் செலவு பெருகும்; ஏரிக்கரையில் நிலம் எடுத்தால் மீனவர் வலை உலர்த்தும் இடமும் உப்பளமும் பறவைகளின் சதுப்பும் போகும். ஆகவே எல்லாப் பாலங்களும் பத்து மீட்டரில் நிற்க வேண்டும் என்று கேட்பது ஆர்வலரின் பேச்சாக இருக்கலாம். ஆய்வாளரின் பேச்சாக இருக்க முடியாது.

அப்படிக் கேட்கத் தேவையும் இல்லை. இந்நீரின் ஆழமே மரத்தின் உயரத்துக்கு ஒரு வரம்பைப் போட்டுவிடுகிறது. பன்னிரண்டு, பதினைந்து மீட்டர் மரமுள்ள கடற்படகு நிமிர்ந்து நிற்பது அதன் அடியில் ஆழ இறங்கியிருக்கும் கனமான ஏராவால், அதாவது அடிக்கட்டையால். அத்தகைய படகுக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் ஆழம் வேண்டும். பழவேற்காடு ஏரியின் பெரும்பரப்பில் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே. அங்கே மிதக்கத்தக்கது தட்டையான அடியுள்ள படகு. தட்டையான படகு உயர்ந்த மரத்தைத் தாங்காது, கவிழ்ந்துவிடும். பாலம் மேலிருந்து ஒரு வரம்பு இடுகிறது, சேறு கீழிருந்து ஒரு வரம்பு இடுகிறது. இரண்டுக்கும் நடுவே வாழும் படகு ஆறேழு மீட்டர் மரமுள்ள சிறுபடகே. சொகுசுப் பாய்ப்படகுச் சுற்றுலா என்று கனவு காணும் அறிக்கைகள் இவ்விரு எண்களையும் ஒருமுறை பெருக்கிக் கழித்துப் பார்த்தால் நல்லது.

அச்சிறுபடகுக்கான விடையைத் தேட நார்ஃபோக் வரை போக வேண்டியதும் இல்லை. சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தில் மரம் நிலையாக ஊன்றப்படுவதில்லை. வேண்டும்போது நிறுத்தி வேண்டாதபோது பெயர்த்துக் கிடத்துவார்கள். வள்ளத்தின் முக்கோணப் பாயில் மரம் குட்டை; நீளமெல்லாம் அதன் குறுக்கே சாய்ந்து நிற்கும் பருமலில் இருக்கிறது. ஆஞ்சான் என்னும் தூக்குகயிற்றைத் தளர்த்தினால் பருமல் பாயோடு கீழே இறங்கிவிடும். அந்த நொடியிலேயே படகின் உயரம் பாதியாகக் குறையும். கீலும் ஈயப்பாரமும் எஃகுக் கம்பிகளும் செய்யும் வேலையை ஒரு கயிறு செய்கிறது. பாலத்துக்காக உருவான ஏற்பாடன்று இது. கரை அலையில் படகைக் காக்க உருவானது. ஆயினும் பாலத்துக்கும் பொருந்துகிறது. படகியல் பாடத்தில் இந்தப் பாயை 'பழைய முறை' என்ற தலைப்பில் ஒரு படத்தோடு கடந்துபோவதற்குப் பதில், அதன் இறக்கிய உயரத்தையும் ஏற்றிய உயரத்தையும் அளந்து அட்டவணையாக்குவது எந்த முதுகலை மாணவரும் ஒரு பருவத்தில் முடிக்கத்தக்க வேலை.

பாய்ப்படகு இன்று யாருக்கு வேண்டும், எல்லாம் இயந்திரமாகிவிட்டதே என்ற கேள்வி எழும். பூநாரைகள் வந்து தங்கும் ஒரு பறவைச் சரணாலயத்தில் ஓசையின்றி, எண்ணெய்க் கசிவின்றிச் செல்லும் படகுக்குத் தனிக் காரணம் தேவையில்லை. அதையும் ஒதுக்கிவிட்டாலும், இதே கணக்குதான் சூரியத் தகடு வேய்ந்த கூரையுள்ள பயணிப் படகுக்கும், இரண்டு தட்டுச் சுற்றுலாப் படகுக்கும், தூர்வார வரும் நீண்ட கை இயந்திரத்துக்கும். பாலம் தாழ்வாக இருந்தால் தூர்வாரும் மிதவை ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போக முடியாது. பிரித்து, லாரியில் ஏற்றி, மறுபுறம் இறக்க வேண்டும். ஆழத்தைப் பற்றி மட்டும் பேசுவோரும் கடைசியில் உயரத்தில் வந்து முட்டிக்கொள்கிறார்கள்.

ஆகவே திருப்பதி மாவட்டத்துத் துண்டுக்குக் கேட்க வேண்டியது மிதமானது. இனிக் கட்டும் எந்தப் பாலமும், மழைக்கால உச்ச மட்டத்துக்கு மேல் 5 மீட்டருக்குக் குறையக் கூடாது. குறைந்தது ஒரு கண்ணிலாவது இருவழியும் படகு போகும் அகலம் வேண்டும். அந்தக் கண் ஆழமான ஓடையின் மேல் அமைய வேண்டும். எல்லைக்கு அப்பால், ஆரம்பாக்கத்திலிருந்து தெற்கே, தமிழ்நாட்டு அரசும் இதே எண்ணை ஏற்க வேண்டும். இரு மாநிலங்களின் பொதுப்பணித் துறைகள் இரு வேறு உயரங்களில் கட்டினால் முன்பு சொன்ன சிற்றளவுக் கணக்கு இரண்டையும் சேர்த்தே தண்டிக்கும். மின்கம்பிகளைப் பொறுத்தவரை இன்னும் கறாராக இருக்க வேண்டும். வெயிலிலும் மின்பாரத்திலும் கம்பி தொய்யும். குளிர்ந்த காலையில் அளந்த உயரம் சித்திரை நண்பகலில் இராது. அலுமினிய மரம் கம்பியைத் தொடவே தேவையில்லை. உயரழுத்தத்தில் நெருங்கினாலே போதும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, செலவின்றிச் செய்யத்தக்க ஒரு வேலை இருக்கிறது. அமெரிக்க நீர்வழிப் பாலங்களின் தூணில் ஓர் அளவுப் பலகை இருக்கும். நீர்மட்டம் எந்த எண்ணைத் தொடுகிறதோ அதுவே அந்நேரத்துப் பாலத்தடி இடைவெளி. மட்டம் ஏறினால் எண் குறையும். படகோட்டி எந்த ஆவணத்தையும் புரட்ட வேண்டியதில்லை. தடா முதல் வடக்கே மாவட்ட எல்லை வரையுள்ள ஒவ்வொரு பாலத்திலும் நடைபாலத்திலும் இத்தகைய அளவை வண்ணத்தில் தீட்டிவிட ஒரு துறையும் சில வாளிச் சாயமும் போதும். தீட்டும் முன் அளக்க வேண்டும். பாலத்தின் நடுக்கண்ணில் இருபுற விளிம்பிலும் நடுவிலும் மூன்று அளவுகள். அளந்த நாள், நேரம். முகத்துவாரம் திறந்திருந்ததா என்ற குறிப்பு. பக்கத்திலுள்ள நிலையான மட்டக்குறியிலிருந்து பாலத்தின் அடிவிளிம்பு உயரம். ஒருமுறை ஏப்ரலிலும், மறுமுறை நவம்பர் இறுதியில் ஆறுகள் நிரம்பி வரும்போதும் அளந்தால், இதுவரை யாரும் பொதுவெளியில் வைக்காத ஓர் அட்டவணை கிடைக்கும். பாலத்தின் அடியில் படகில் நின்று அளக்க வேண்டிய அளவு இது. சாலையில் நின்று கீழே நூல் விட்டால் பாலத்தின் கனமும் கைப்பிடிச் சுவரும் சேர்ந்து வந்துவிடும்.